நான்காவது பலகை காணாமற்போன உண்மை வரலாறு

அனுப்புநர்: அபாயப் பொருள் ஏற்றும் டேங்கர் வண்டியின் ஓட்டுநர். அனுபவம் முப்பத்தொரு வருடம்; பற்கள் முப்பத்தொன்று.

பெறுநர்: சோதனைச்சாவடி ஆய்வாளர் அம்மையார் அவர்கள். பதவியேற்று ஆறு நாள்.

பொருள்: இடப்பக்கம் எச்சரிக்கைப் பலகை இல்லாமல் கந்தக அமிலம் ஏற்றி வந்தது குறித்து விளக்கம் அளித்தல்.

பார்வை: தாங்கள் என் கையில் திணித்த நோட்டீஸ்.

மதிப்பிற்கும் அச்சத்திற்கும் உரிய ஆய்வாளர் அம்மையார் அவர்களுக்கு,

தாங்கள் மூன்று வயதில் என் தோளில் உட்கார்ந்து செய்த ஈரமான அட்டூழியத்தை இன்றுவரை எந்த அரசு அலுவலகத்திலும் வெளியிடாத தங்கள் சொந்தத் தாய்மாமன், எழுந்து நின்று, கழற்றுவதற்குத் தொப்பி இல்லாத காரணத்தால் தலையையே கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அத்தை, என் லைசென்ஸ் ஆகிய மூவரில் இருவர் நலம். மூன்றாமவர் உங்கள் மேசை இழுப்பறையில் கிடந்து இழுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அவருக்கு அவ்வப்போது கொஞ்சம் காற்றுக் காட்டவும்.

முதலில் ஒரு உறுதிமொழி. கீழே நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று என் ஸ்டீயரிங்கின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். நீ நம்பமாட்டாய், உன் மேலதிகாரி நம்பமாட்டார், எழுதி முடித்து ஒரு தடவை படித்துப் பார்த்த நானே மூன்றாம் பக்கத்தில் என்னைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தேன். ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் தங்கள் நோட்டீஸ் என்ன சொல்கிறது? ஏழு நாளைக்குள் திருப்தியான விளக்கம் எழுத்து மூலம் வராவிட்டால், அபாயப் பொருள் ஏற்றும் அனுமதி மூன்று மாதத்துக்கு நிறுத்தி வைக்கப்படும் என்கிறது. மூன்று மாதம்! அதுவரை நான் என்ன, காய்கறி வண்டியா ஓட்டுவது? அமிலம் ஏற்றிய கையம்மா இது; தக்காளி பார்த்தால் சிரிக்கும். வீட்டில் உட்காரலாம் என்றால் உன் அத்தை இப்போதே என்னைச் சோபாவிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து வாசலுக்கும் லோடு மாற்றிக்கொண்டிருக்கிறாள். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் உன் அம்மா, அதாவது என் அக்கா. "தாய்மாமன்னு தெரிஞ்சுமாடி எழுதின? அவன் தோளைத் தேய்ச்சு வளர்ந்தவதானே நீ?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அன்றிலிருந்து உன்னோடு பேச்சை நிறுத்திவிட்டாளாமே. தட்டில் சாப்பாடு வைப்பாளாம், வைக்கிற சத்தத்தில் தட்டு வாய்விட்டு அழுமாம், திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாளாம். ஆறு நாளாக வீட்டில் யாரும் சிரிக்கவில்லை என்று உன் அத்தை சொன்னாள். ஆக, ஒரு பலகை விழுந்ததில் இரண்டு குடும்பம் சாய்ந்து நிற்கிறது. விளக்கம் கொடுக்காமல் எப்படி இருப்பது?

விதி தெரியாமல் செய்துவிட்டேன் என்று மட்டும் சொல்லமாட்டேன். தெரியும். என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் முன்னால், பின்னால், வலது, இடது என்று நான்கு பக்கத்தையும் ஒப்பித்துவிட்டுத்தான் கண்ணைத் திறப்பேன். சாய்த்து வைத்த சதுரப் பலகை. மேல் பாதி வெள்ளை, கீழ் பாதி கறுப்பு. வெள்ளையில் இரண்டு கண்ணாடிக் குழாய், ஒன்றிலிருந்து சொட்டுவது இரும்பை அரிக்கிறது, இன்னொன்றிலிருந்து சொட்டுவது ஒரு கையை அரிக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தூரத்தில் நிற்கிறவனுக்கும் தெரிய வேண்டும். நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், தீயணைக்க வருகிறவர்கள் மயங்கிக் கிடக்கிற ஓட்டுநரைத் தட்டி எழுப்பி "அண்ணே, உள்ள என்னண்ணே?" என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்; பலகையைத்தான் கேட்பார்கள். இதெல்லாம் தெரியும். காலியான டேங்கரிலும் கழுவுகிற வரைக்கும் பலகை இருக்க வேண்டும் என்பதும் தெரியும். ஏனென்றால் காலி என்பது வெளியே சொல்வது, உள்ளே புகை அப்படியே இருக்கும். உன் அம்மா "எனக்கு ஒண்ணும் கோவமில்ல" என்று சொல்கிற நேரம் மாதிரி. அப்போதுதான் கிட்டப் போகக் கூடாது. டேங்கைக் கழுவிச் சான்றிதழ் வாங்கிய பிறகு பலகையைக் கழற்றிவிட வேண்டும் என்பதும் தெரியும். அதைச் செய்யப்போய்த்தான், அம்மையாரே, விதியை மதிக்கப்போய்த்தான், இந்த விதி வந்தது.

சனிக்கிழமை டேங்கைக் கழுவினேன். சான்றிதழ் வாங்கினேன். நான்கு பலகையையும் அவை செருகியிருந்த இரும்புச் சட்டத்திலிருந்து உருவினேன். பார்த்தால் நான்கிலும் ஒரு சுற்றுச் சேறு. படிக்கத் தெளிவாக இருக்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு அல்லவா? விதிமேல் எனக்கிருக்கிற பக்தி ஊரறிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை காலை சோப்புப் போட்டு, பிரஷ் போட்டு, கடைசியில் உன் அத்தையின் முகத்துக்குப் போடும் கிரீமையும் கொஞ்சம் போட்டு (இதை அவளிடம் சொல்லாதே), ஒவ்வொரு பலகையும் ஒன்பது வீடு தள்ளி நிற்கிறவன் தலை சீவிக்கொள்ளும் அளவுக்குப் பளபளப்பாக்கிச் சமையலறைச் சன்னலோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தேன். அங்கே வந்தாள் உன் அத்தை.

"என்னங்க இது, நாலு கை கழுவுற படம்?"

"அது கை கழுவுற படமில்லம்மா. கையே காணாமப் போற படம்."

"எதைக் கேட்டாலும் ஒரு எகத்தாளம். தண்ணி சொட்டுது, கீழ கை நீட்டியிருக்கு. எனக்குக் கண்ணு இல்லையா?"

சொல்லிவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நீயே சொல், அந்தப் படத்தைத் தெரியாத ஒருத்தர் பார்த்தால் வேறென்ன தோன்றும்? குழாய், சொட்டு, கை. பள்ளிக்கூடத்தில் ஒட்டி வைப்பார்களே, சாப்பிடும் முன் கை கழுவவும் என்று, அச்சு அசல் அதேதான். அன்று மத்தியானம் பார்த்து எங்கள் வீட்டில் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டம். பதினோரு பேர். வருகிறவர்கள் நாகரிகமாகக் கை கழுவிவிட்டு பிஸ்கட்டைத் தொடட்டும் என்று, வாஷ்பேசினுக்கு நேர் மேலே, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் என் இடப்பக்கப் பலகையை மாட்டிவிட்டாள். நான் வண்டிக்கு அடியில் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன தெரியும்?

முதலில் கை கழுவப் போனவர் மேல்மாடியில் இருக்கிற ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார். தெருவில் அவருக்குக் குடுவை என்று பெயர். கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார். மனுஷன் நிதானமாகக் குழாயைத் திறந்து, இரண்டு கையிலும் நன்றாக நுரை வரத் தேய்த்து, ஒரு பாட்டையும் முனகிக்கொண்டே தலையை நிமிர்த்தியிருக்கிறார். நாற்பது வருடம் பாடம் நடத்தியவர் அல்லவா? மற்றவர்களுக்குக் கை கழுவுற படமாகத் தெரிந்தது அவருக்கு மட்டும் அதுவாகவே தெரிந்துவிட்டது. "அமிலம்!" என்று ஒரு சத்தம் போட்டார் பார், வண்டிக்கு அடியில் இருந்த எனக்கு நெற்றி போய் ஆக்ஸிலில் இடித்தது, எதிர்வீட்டு மேல்தொட்டியில் தண்ணீர் தளும்பி வழிந்தது, மூன்று தெரு தள்ளி ஒரு கல்யாண வீட்டில் பெண் மனம் மாறி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பத்துப் பேரும் எழுந்தார்கள். கதவு ஒன்றுதான், அவர்களுக்கு அது போதவில்லை. நூற்றுப்பத்துக் கிலோ எடையுள்ள சங்கச் செயலாளர், பூனை போவதற்கே மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டிய குளியலறைச் சன்னல் வழியாக, சட்டைப்பையில் இருந்த பேனாகூட விழாமல், வெளியே போனார். எப்படிப் போனார் என்று அவருக்கும் தெரியவில்லை, சன்னலுக்கும் தெரியவில்லை. குடுவை மட்டும் நடுக்கூடத்தில் நின்று விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார். முதல் தடவை ஒன்பது வந்தது. அலறினார். மறுபடி எண்ணினார், பதினொன்று வந்தது. இரண்டையும் கூட்டிச் சராசரி பத்து என்று கண்டுபிடித்த பிறகுதான் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தால் குடிக்கவில்லை. "எந்தக் குழாய்த் தண்ணி?" என்றார்.

உன் அத்தையோ பிஸ்கட் தட்டோடு நின்று, "ஏன் எல்லாரும் போறீங்க? கை கழுவியாச்சா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு நடந்தது நிர்வாகம். சங்கம் நடுத்தெருவிலேயே கூடியது. பொதுமக்களைப் பீதிக்குள்ளாக்கிய பலகையைச் சான்றுப்பொருளாகக் கைப்பற்றுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டு, அதை ஒரு போர்வையில் சுற்றி, நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்து, தூங்குகிற சிங்கத்தைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டுபோய்ச் சங்கத்தின் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாவி செயலாளரிடம். செயலாளர் சன்னல் வழியாக ஓட ஆரம்பித்தவர், எங்கே நிற்பது என்று யாரும் சொல்லாததால், நான்கு ஊர் தள்ளி மகள் வீட்டில் போய்த்தான் நின்றாராம். இதுதான், அம்மையாரே, திங்கட்கிழமை காலை என்னிடம் நான்குக்குப் பதில் மூன்று பலகை இருந்ததன் முழுப் பின்னணி.

நீ கேட்பாய்: மூன்று பலகையோடு எப்படி அமிலம் நிரப்பக் கொடுத்தார்கள் என்று. நிரப்புமிடத்தில் ஒரு கண்காணிப்பாளர் இருக்கிறார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் விதிப்புத்தகம். தும்மல் வந்தால்கூடப் படிவம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தும்முவார். வண்டியைச் சுற்றி வந்து நான்கு பலகையையும் கண்ணால் பார்க்காமல் வால்வைத் திறக்க விடமாட்டார். அன்று முன்பக்கத்தைப் பார்த்தார், இருந்தது. வலப்பக்கத்தைப் பார்த்தார், இருந்தது. அவர் பின்பக்கம் திரும்புகிற நொடியில் நான் முன்பக்கமாக ஓடி, அந்தப் பலகையை உருவி, இடப்பக்கத்தில் செருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் வானத்தைப் பார்த்தேன். மனுஷன் திருப்தியாகிப் போயிருக்கலாம். போகவில்லை, "இன்னொரு சுத்து" என்றார். அவர் முன்னால் போக, நான் பின்னால் உருவ. அவர் வலப்பக்கம் வர, நான் இடப்பக்கம் செருக. அவர் நின்றால் நான் நிற்க, அவர் வேகமாக நடந்தால் நான் குனிந்து ஓட, இப்படியே அந்த வண்டியைச் சூரியன் என்று வைத்துக்கொண்டால் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு கிரகமாக ஒரு மணி நேரம் சுற்றினோம். கடைசியில் அவர் மூச்சு வாங்க நின்று, கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

"என்னய்யா, அஞ்சு பலகை வருது?"

"ஒண்ணு கூடுதலா வெச்சிருக்கேன் சார். பாதுகாப்புக்கு."

"கூடுதல் வைக்க விதியில் இடம் இருக்கா?"

"வேணும்னா ஒண்ணைக் கழட்டிடறேன் சார்."

"கழட்டு" என்றார். இடப்பக்கப் பலகையை அவர் உத்தரவின் பேரில், அவர் கண் முன்னாலேயே கழற்றி, பிறகு அதை முன்பக்கத்தில் திரும்பச் செருகினேன். இதற்குமேல் சட்டப்படி ஒரு மனிதன் எப்படி நடந்துகொள்வது?

ஏற்றியாகிவிட்டது. இனி ஓட்ட வேண்டும். பின்பக்கம் பேண்ட் கிழிந்தவன் கல்யாண மண்டபத்தில் எப்படி நடப்பான்? சுவரோடு சுவராக, எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடப்பான் அல்லவா? அப்படித்தான் ஓட்டினேன். இடப்பக்கம் சுவர் இருக்கிற தெருவாகத் தேடித் தேடிப் போனேன். மருத்துவமனைச் சுவர், பள்ளிக்கூடச் சுவர், சிறைச்சாலைச் சுவர். சிறைச்சாலைச் சுவர் நீளமாக இருந்ததால் அதை மூன்று தடவை சுற்றினேன், மூன்றாவது தடவை காவலர் எனக்கு வணக்கம் வைத்தார். சுவர் கிடைக்காத இடத்தில் ஒரு டவுன் பஸ்ஸோடு ஒட்டிக்கொண்டேன். அது நின்ற நிறுத்தத்தில் எல்லாம் நானும் நின்றேன். ஏழாவது நிறுத்தத்தில் ஒரு பெரியவர் என் கதவைத் தட்டி, "மார்க்கெட் போகுமா?" என்று கேட்டார். "போகாதுங்க, இது அமிலம்" என்றேன். "எதுக்கும் ஏறிக்கிறேன், போற வரைக்கும் போகட்டும்" என்றார். கெஞ்சிக் கூத்தாடி இறக்கிவிட்டேன். கடைசியில் உன் சோதனைச்சாவடிச் சுவர் வந்தது. இடப்பக்கம் ஒரு பல்லி வழுக்கிப் போகவும் இடம் இல்லாமல் வண்டியை அந்தச் சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். நிமிர்ந்து பார்த்தால் நீ. புதுச் சீருடை, இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது, கையில் அட்டை, காதில் பேனா.

"ஓட்டுநர் கீழே இறங்குங்க."

"பாப்பா..."

"ஆவணங்கள்."

கொடுத்தேன். படித்தாய். என் முகத்தையும் லைசென்ஸில் உள்ள முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாய், ஏதோ இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறவள் மாதிரி. முன்பக்கம் பார்த்தாய், வலப்பக்கம் பார்த்தாய், பின்பக்கம் பார்த்தாய். நான் கூடவே வந்து, "அம்மா எப்படி இருக்கா, முட்டி வலி எப்படி" என்று விசாரித்துக்கொண்டே உன்னைத் திருப்பி விடப் பார்த்தேன்.

"வண்டியை நாலடி வலப்பக்கம் எடுங்க."

"எதுக்கும்மா? இங்கயே நல்லாத்தானே நிக்குது."

"எடுங்க மாமா."

அந்த ஒரு 'மாமா' இருக்கிறதே! முப்பத்தொரு வருடத்தில் எத்தனை விசில் கேட்டிருப்பேன், எத்தனை லத்தி பார்த்திருப்பேன், ஒன்றுக்கும் அசையாத நான் அதற்கு ஓடிப்போய் வண்டியில் ஏறினேன். எடுத்தேன். எடுத்த கையோடு குதித்து ஓடிப்போய், பலகை இருக்க வேண்டிய சட்டத்தின்மேல் முதுகைச் சாய்த்து, காலை ஒன்றன்மேல் ஒன்று போட்டு, காற்று வாங்குகிற கனவான் மாதிரி நின்றேன்.

"சாஞ்சது போதும். நகருங்க."

"முதுகுவலிம்மா. டாக்டர் இரும்புலதான் சாயச் சொல்லியிருக்கார்."

அதற்குள் உள்ளேயிருந்து உன் மேலதிகாரி வந்துவிட்டார். என்னையும் பார்த்தார், உன்னையும் பார்த்தார், இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு இருப்பதையும் பார்த்தார். "தெரிஞ்சவரா?" என்றார். நான் கண்ணாலேயே உனக்குச் சைகை காட்டினேன்: இல்லை என்று சொல், இல்லை என்று சொல். நீ சொன்னாய்:

"ஆமா சார். என் சொந்த மாமா. அதனாலதான் ரெண்டு தடவை சுத்திப் பார்த்தேன்."

எழுதினாய். கையெழுத்து வாங்கினாய். வாங்கிய பிறகுதான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாய். முன்னால் கொடுத்திருந்தால் லஞ்சம் மாதிரி ஆகிவிடும் என்று பார்த்தாய் போல. புதுப் பலகை வந்து மாட்டுகிற வரைக்கும் வண்டி நகரக் கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாய்.

நான்கு மணி நேரம் நின்றேன். அந்த நான்கு மணி நேரத்தில் நான் கண்ட ஒரு காட்சியைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். ஏனென்றால் அது எனக்குச் சாதகமானது. பலகை இருந்த மூன்று பக்கத்திலும் ஈ காக்காய் இல்லை. அந்தப் படத்தைத் தூரத்தில் பார்த்தவுடனே ஜனங்கள் வளைந்து சுற்றிப் போகிறார்கள். பலகை இல்லாத இடப்பக்கத்திலோ, மத்தியான வெயிலுக்கு டேங்க் விரித்த நிழலில், ஒரு ஊரே குடியேறிவிட்டது! நாற்பது பேர் இருக்கும். ஒருத்தர் நாற்காலி போட்டு முடிவெட்டும் கடை திறந்துவிட்டார். நான்கு பேர் சீட்டு விளையாடினார்கள். இரண்டு ஆடு அசைபோட்டன. ஒரு அம்மாள் வால்வில் துணிப்பையை மாட்டிவிட்டுக் காய் நறுக்கினாள். ஒரு தரகர் வந்து, இடப்பக்கம் முழுவதும் வாடகைக்குக் கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார். ஆகவே, ஒரு பக்கம் பலகை இல்லாதது குற்றம் ஆகாது, பொதுச்சேவை என்றே கருதப்பட வேண்டும் என்று பணிவுடன் வாதிடுகிறேன்.

மேற்கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால், குற்றம் வாஷ்பேசினுடையது, அதற்கு அடுத்தபடி வேதியியலுடையது, பிறகு சங்கத்தினுடையது, அந்தச் சன்னலுக்கும் ஒரு பங்கு உண்டு. ஓட்டுநருக்கு இதில் ஒரு தூசியளவுகூடச் சம்பந்தம் இல்லை என்பது பட்டப்பகல்போல் தெரியும். எனவே தாங்கள் இந்த விளக்கத்தைத் திருப்தியானது என்று ஏற்று, இழுப்பறையில் இருக்கும் நோயாளியை நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பி, மூன்று மாதம் என்னை உன் அத்தையின் பார்வையில் படவைக்கும் கொடுமையிலிருந்து காப்பாற்றும்படி, வலப்பக்கம், இடப்பக்கம், முன்பக்கம், பின்பக்கம் ஆகிய நான்கு பக்கமும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் பேனாவில் மை வற்றாதிருக்கட்டும். உன் பூட்ஸில் கல் புகாதிருக்கட்டும். நீ கை காட்டினால் ரயிலும் நிற்கட்டும். உன் அம்மாவின் முட்டிக்கு என் விசாரிப்பு. அவள் கோபத்துக்கு என் சாஷ்டாங்க நமஸ்காரம்.

இப்படிக்கு,
சீருடைக்கு முன் சிறுத்தாலும் முறைக்கு மூத்தவனாகிய,
உன் மாமா.

பி.கு.: ஒட்டுவதற்கு முன்னால் உன் அத்தை கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். நம் தெருவில் குடியிருப்போர் சங்கமே கிடையாதாம், மேல்மாடியில் இருப்பது ஒரு தையல்காரராம், தன் வாஷ்பேசினுக்கு மேலே கண்ணாடி கல்லுப்போல் அப்படியே இருக்கிறதாம், "என் தலையில ஏன் போடறீங்க?" என்று கரண்டியோடு நிற்கிறாள். சரி. சங்கம் இல்லை. குடுவை இல்லை. விதிப்புத்தகத்தோடு கிரகம் சுற்றவும் இல்லை. சனிக்கிழமை கழுவுமிடத்தில் என் கை தவறி விழுந்து இடப்பக்கப் பலகை இரண்டாக உடைந்தது. திங்கட்கிழமை காலை விதிப்புத்தகத்திடம் சொன்னேன்; "புதுசு நாளைக்கு வந்துடும், நாளைக்கு ஏத்திக்க" என்றார், வண்டிச் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் அன்றுதான் உனக்கு முதல் நாள். நீ கை காட்டி நிறுத்துகிற முதல் டேங்கர் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பைத்தியம். உடைந்த இரண்டு துண்டையும் டேப் போட்டு ஒட்டி அவரிடம் காட்டி, கெஞ்சிச் சாவியைத் திரும்ப வாங்கி, நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். முதல் வளைவிலேயே அது விழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன். நிறுத்தவில்லை. மூன்று இருக்கிறதே, போதாதா என்று நினைத்தேன்.

ஆகையால் மேலே உள்ள விளக்கத்தை ஏற்காதே. தனித் தாள் ஒன்று உள்ளே இருக்கிறது, பார். 'இடப்பக்கப் பலகை விழுந்தது தெரிந்தும் ஓட்டினேன்' என்று ஒரே வரி, கீழே என் கையெழுத்து. கோப்பில் அதை வை, மூன்று மாதத்தைப் போடு. உன் மேலதிகாரி கேட்டால் மாமாவே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று சொல். இந்த நீளக் கடிதம் ஆபீஸுக்கு இல்லை. வீட்டு விலாசத்துக்கு வந்ததை வைத்தே உனக்குத் தெரிந்திருக்கும். இது உன் அம்மாவுக்கு. நீ பேசினால் கேட்கமாட்டாள், நான் எழுதியது என்றால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாவது கேட்பாள். உரக்க வாசி. விரல் எண்ணுகிற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வரும். சின்ன வயதிலிருந்தே சிரிப்பையும் கோபத்தையும் ஒன்றாக வைத்திருக்க அவளுக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்துத் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடு.

நீயே சாவடியில் கண்ணால் பார்த்தது போக, இத்தனை பக்கத்தில் ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நடந்ததுதான். அந்த நிழல். நாற்பது பேர் இல்லை, ஆடு இல்லை, நாற்காலி இல்லை. ஒருத்தி. மடியில் ஒரு குழந்தை. வெயில் தாங்காமல் வந்தவள் மூன்று பக்கமும் பலகையைப் பார்த்து ஒதுங்கி, சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து, டேங்கில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, குழந்தைக்குச் சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தாள். அதன் தலைக்கு ஒரு சாண் மேலே வால்வு. நீ அந்த நேரம் வேறு வண்டியில் இருந்தாய், பார்க்கவில்லை. நான்தான் போய், "எழுந்திரும்மா, இங்க உட்காராதே" என்றேன். "ஏன், இந்தப் பக்கம் ஒண்ணும் போடலையே?" என்று கேட்டாள்.